அடிக்குறிப்பு 47

மார்ச் மாதம். இஸாஃபியோர்தூர்.
நாளை நண்பகலுக்குள் ஆய்வேடு போய்ச் சேர வேண்டும்.
இரண்டு நாளாய் டாக்ரூன்
அரைப்புள்ளிகளோடு மல்லுக்கட்டுகிறாள்.
நூலின் பெயர் சாய்ந்திருக்க வேண்டும்,
கட்டுரையின் பெயர் நிமிர்ந்திருக்க வேண்டும்,
பக்க எண்ணுக்கு முன்னால் ஒரேயொரு இடைவெளி.
அது இரண்டாகிவிட்டால்
எங்கோ ஒருவர் பென்சிலைத் தீட்டுவார்.

மென்பொருள் குடும்பப்பெயர் கேட்கிறது.
அந்தத் தீவில் பெரும்பாலோர்க்கு அது கிடையாது.
இன்னாரின் மகள், இன்னாரின் மகன்,
அவ்வளவுதான்.
மருத்துவரையும் மந்திரியையும்
முதற்பெயரில்தான் தேடுவார்கள்.
மென்பொருளோ எழுதியவளை ஓரமாய்த் தள்ளிவிட்டு
அவள் அப்பனை முன்னால் நிறுத்துகிறது.
தலையெழுத்தோடு அலைகிற நமக்கும்
விமான நிலையங்களில் இதே தலையெழுத்துதான்.

நாற்பத்தேழில் வந்து நின்றாள்.
ஹ்வாமூர் பண்ணையை மூடிய பனிச்சரிவின் உயரம்
13.2 மீட்டர்.
சொன்னவர் 1988.
அவர் 1951ஐக் கைகாட்டுகிறார்.
1951, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
1907ஐக் கைகாட்டுகிறது.
எல்லாரும் சொல்வதால் எல்லாரும் சொல்கிறார்கள்.
கடைசியாகச் சொன்னவரைச் சொல்லிவிட்டுப்
படுக்கப் போகலாம்.
விதியில் அதற்கு இடமுண்டு,
சுருக்கக் குறியீடுகூட உண்டு.

அந்தப் புள்ளி இரண்டுதான் உறுத்தியது.
பனியில் புதைந்த வீட்டின் மேல்
யார் நின்று
சென்டிமீட்டர் எண்ணியிருப்பார்கள்?

பழைய மருத்துவமனைதான் இப்போது ஆவணக் காப்பகம்.
மூடும் நேரம். காப்பாளர் ஓர்னோல்வூர்
காலணியைக் கழற்றச் சொன்னார்,
பிறகு தன் பேருந்தைத் தவறவிட்டார்.
1907இன் அடியில் கிடந்தது
தபால்காரர் ஏய்வின்தூரின் குறிப்பேடு.
மீனெண்ணெய் வாடை.
கடிதம் ஆறு, செம்மறித்தோல் இரண்டு,
குதிரைக்கு நொண்டல்.
எட்டாம் ஏட்டின் பின்பக்கம், சரிந்த கையெழுத்தில்:
"ஹ்வாமூர். ஏழு பாகம்? குத்பியோர்க் சொன்னாள்."

ஏழு பாகம், கேள்விக்குறி.
1907 அந்தக் குறியை உதறிவிட்டது;
அச்சுக்கோர்ப்பவர் கையில் அந்த எழுத்து தீர்ந்திருக்கலாம்,
அல்லது ஆசிரியர்க்குச் சந்தேகம் பிடிக்காமல் இருந்திருக்கலாம்.
1951 பாகத்தை மீட்டராக்கியது,
பெருக்கலில் ஒரு தசமப்புள்ளி முளைத்தது.
1988 அதைப் பட்டியலில் ஏற்றியது.
மூன்று பேரும் யோக்கியர்கள்.
யாரும் பொய் சொல்லவில்லை.

குத்பியோர்க் யார்?
அடுப்படிப் பெண்ணா, தோண்டி எடுக்கப்பட்டவளா,
தோண்டியவளா?
யாருடைய மகள்?
தபால்காரருக்குத் தெரிந்திருக்கும்,
அதனால்தான் எழுதவில்லை.

அதிகாலை மூன்றரைக்குப் படிவத்தைத் திறந்தாள்.
குடும்பப்பெயர்: சிவப்பு நட்சத்திரம், கட்டாயம்.
ஆண்டு: கட்டாயம்.
மென்பொருளை மூடினாள், கையால் தட்டினாள்.
குத்பியோர்க், வாய்மொழி;
ஏய்வின்தூர் எழுதிய குறிப்பேட்டில், ஏடு 8, பின்பக்கம்,
ஆண்டு இல்லை.

அடிக்குறிப்பு மாறினால் மேலே இருப்பதும் மாற வேண்டுமே.
மூன்றாம் வரைபடம் அந்த 13.2இன் மேல்தான் நின்றிருந்தது.
கூரான நீலக்கோட்டை அழித்து
அகலமான சாம்பல் பட்டை ஒன்றை வரைந்தாள்.
முடிவுரையில் "நிறுவப்படுகிறது" என்பதை
"தோன்றுகிறது" ஆக்கினாள்.
ஒரு சொல்தான்,
காப்பி இரண்டு கோப்பை பிடித்தது.

நூற்பட்டியலில், ஊர் வழக்கப்படி
முதற்பெயர் வரிசையில்,
பேராசிரியர் க்ரீமூருக்கும்
பேராசிரியர் ஹால்ஃப்டானுக்கும் நடுவே
குத்பியோர்க் இடம் கேட்டு உட்கார்ந்தாள்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்துத்
தலைநகரின் வடிவமைப்புப் பிரிவிலிருந்து ஏடு திரும்பியது.
ஓர விளிம்பு நான்கு மில்லிமீட்டர் குறைவு,
எழுபதில் முற்றுப்புள்ளி இல்லை.
நாற்பத்தேழில் மஞ்சள் பூசி ஒரு வரி:
எண்ணுக்குப் பின் கேள்விக்குறி, தட்டச்சுப் பிழையோ?

டாக்ரூன் முதலில் விளிம்பைத் திருத்தினாள்.
முற்றுப்புள்ளியை வைத்தாள்.
பிறகு மஞ்சளுக்கு அருகில் எழுதினாள்:
இல்லை. மூலத்தில் உள்ளபடி.